வார ஊசியா, தினசரி ஊசியா: டெல்டா வைரஸுக்கு எது?

"பி-க்குத்தான் தினமும் மாத்திரை போடறேனே, அப்புறம் டி-க்கு எதுக்கு டெஸ்ட்?" குடியாத்தத்தில் பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. டெல்டா என்கிற ஹெபடைடிஸ் டி, பி மாதிரியே கல்லீரலைத் தாக்கும் வைரஸ்; ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறையைக் கடன் வாங்கித்தான் பரவும். பி-க்குக் கொடுக்கும் டெனோஃபோவிர் மாத்திரை பி பெருகுவதைத் தடுக்கும்; ஆனால் அந்த மேலுறைப் புரதம் உருவாவது நிற்காது. அதனால் டி-க்கு ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே பி இருப்பவருக்குள் டி நுழைந்தால் பெரும்பாலும் தங்கிவிடும், கல்லீரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸும் சீக்கிரம் வரும்.

சரி, சிகிச்சை? பழையது பெக் இன்டர்ஃபெரான். வாரம் ஒரு ஊசி, 48 வாரம். ராத்திரி போட்டுக்கொண்டு படுத்தால் விடியும்போது காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட வலி. வெள்ளை அணுக்கள் குறையும், மனச்சோர்வும் வரலாம். வேலூர் மே மாத வெயிலில் இதையும் சுமப்பது லேசல்ல. இத்தனைக்கும் பலன் கிடைப்பது சுமார் நான்கில் ஒருவருக்கு. அதிலும் சிலருக்கு வைரஸ் திரும்பிவிடுகிறது. கல்லீரல் செயலிழந்தவருக்குக் கொடுக்கவே கூடாது. ஆனால் முடியும் தேதி உண்டு.

புதியது புலெவிர்டைட். 2020இல் ஐரோப்பா நிபந்தனையோடு அனுமதித்தது. வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் நுழையும் வாசலையே அடைத்துவிடும். 2 மில்லிகிராம், தினமும், தோலுக்கடியில். பொடியை ஊசி நீரில் கலந்து தாமே போட்டுக்கொள்ளலாம். மருந்துக் குப்பி ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். காய்ச்சல், மனச்சோர்வுத் தொல்லை வெகு குறைவு. எப்போது நிறுத்துவது என்பதுதான் சிக்கல், நிறுத்தினால் வைரஸ் தலைதூக்கும்.

கையில் கிடைக்குமானால் நான் புலெவிர்டைட் பக்கம்தான். கிடைக்காதபோது, கல்லீரல் தாங்கும் நிலையில் இருந்து மனநலச் சிக்கலும் இல்லாதவருக்கு, இன்டர்ஃபெரானைத் தள்ளிவிட மாட்டேன். மோரில் கலக்கும் கீழாநெல்லி நம் பக்கத்துப் பழக்கம்தான். டெல்டாவை அது அடக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

அண்ணனுக்கு முதலில் டி எதிர்ப்புப் புரதச் சோதனை. அது பாசிட்டிவ் என்றால் வைரஸ் அளவு. அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் முதலில் பி சோதனை. அவர்களுக்கு பி இல்லையென்றால் பி தடுப்பூசி, 0, 1, 6 மாதத்தில் மூன்று தவணை. பி வராதவருக்கு டி வர வழியே இல்லை.