பனிக்காலத் தோல் வறட்சி: குளிக்கும் முன் எண்ணெயா, குளித்த பின் எண்ணெயா?

முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்காலின் முன்பக்கம், நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். வெள்ளைக் கோடு விழுந்து மறையாமல் நின்றால் தோல் காய்ந்துவிட்டது. மார்கழி பிறந்ததும் ஓசூர், ஊட்டி, பெங்களூர் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கோடு தவறாமல் வந்துவிடும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் மார்கழியிலும் காற்றில் ஈரம் இருப்பதால் தொல்லை குறைவு. டெல்லிக்கு வேலைக்குப் போனவர்கள் பாடும், ஹீட்டர் ஓடும் வீட்டில் குளிர்காலத்தைக் கழிக்கும் டொராண்டோ தமிழர்கள் பாடும் இன்னும் மோசம்.

இதற்கு என்ன தேய்க்கலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். நாகர்கோவில்காரர் தேங்காய் எண்ணெய் என்பார். மதுரைக்காரர் நல்லெண்ணெய் என்பார். யூடியூபைத் திறந்தால் கற்றாழை. வெளிநாட்டுச் சித்தி ஆலிவ் எண்ணெய் பாட்டிலோடு வந்து இறங்குவார். ஒவ்வொன்றையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். ஆனால் எந்த எண்ணெய் என்ற சண்டையை விட, எப்போது தேய்க்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

குளிக்கும் முன், குளித்த பின்

தோலின் மேலடுக்கில் இறந்த செல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றின் இடைவெளியைச் செராமைடு என்ற ஒருவகைக் கொழுப்பு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் ஆகியவை நிரப்பி உள்ளே இருக்கும் ஈரத்தைக் காக்கின்றன. குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியாது. அந்தக் காற்று வீட்டுக்குள் வந்து சூடாகும்போது அதன் ஈரப்பதம் இன்னும் சரிகிறது. தோலிலிருந்து நீர் வேகமாக ஆவியாகிறது. போதாக்குறைக்குக் குளிருக்கு இதமாக ஆவி பறக்கும் வெந்நீரில் அரைமணி நேரம் நின்று, உடம்பு முழுக்கச் சோப்பும் போட்டால் மிச்சமிருக்கும் கொழுப்பும் போய்விடுகிறது.

நம் ஊர் எண்ணெய்க் குளியல் முதல் வகை. தேய்த்து, ஊறவைத்து, சீயக்காயோ அரப்போ போட்டு எண்ணெயைக் கழுவிவிடுகிறோம். வெந்நீரும் சோப்பும் தோலை முழுசாக உரித்தெடுக்காமல் இது ஓரளவு காக்கும். உடம்பு தளர்ந்து தூக்கம் வருவது தனி சுகம். ஆனால் சீயக்காய் எண்ணெயை எடுப்பதற்காகவே போடுவது. அதுவும் நன்றாகவே எடுத்துவிடும். அன்றைக்குச் சாயங்காலமே கெண்டைக்காலில் கோடு விழுந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது வகைக்குக் கொஞ்சமே எண்ணெய் போதும். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்குள் குளித்துவிட்டு, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, தோலில் ஈரம் இருக்கும்போதே, ஓரிரு நிமிடத்துக்குள், பூசிவிட வேண்டும். ஒரு முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் கால் ஸ்பூன் எண்ணெய் தாராளம். உள்ளங்கையில் விட்டு இரண்டு கையையும் உரசிச் சூடாக்கிக்கொண்டு, மேலிருந்து கீழாக இழுத்துவிட்டால் போதும். ஐந்து நிமிடம் கழித்தும் விரலில் வழவழப்பு ஒட்டினால் அளவு கூடிவிட்டது. எண்ணெய் தன்பாட்டுக்கு ஈரம் தராது, இருக்கிற ஈரத்தை அடைத்து வைக்கத்தான் செய்யும். காய்ந்த தோலில் ஊற்றித் தேய்த்துவிட்டு, இவ்வளவு தேய்த்தும் பலனில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

ஆகவே அன்றாடத்துக்குக் குளித்த பின். எண்ணெய்க் குளியல் வாரம் ஒருமுறை, சுகத்துக்காக. அந்த நாளிலும் குளித்து முடித்ததும் மேலே கொஞ்சம் தடவிக்கொள்ளத்தான் வேண்டும்.

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய்

தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு; அதிலும் பாதிக்குக் கிட்டத்தட்ட லாரிக் அமிலம். பிலிப்பைன்ஸில் நடந்து 2004-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், தோல் வறண்ட 34 பேரில் சிலருக்கு வெர்ஜின் தேங்காய் எண்ணெயையும் மற்றவர்களுக்குப் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் எண்ணெயையும் தினம் இருமுறை இரண்டு வாரம் தடவிப் பார்த்தார்கள். இரண்டுமே தோலின் ஈரத்தைக் கூட்டின. ஒன்று மற்றதற்குச் சளைக்கவில்லை. சின்ன ஆய்வுதான். ஆனாலும் இந்தப் பட்டியலில் உள்ள பல பொருட்களுக்கு அந்த அளவுக்குக்கூடச் சோதனை கிடையாது.

அதன் தொல்லை, ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடுவது. ஓசூரில் டிசம்பர் காலையில் வாய் குறுகிய பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் சொட்டு விழாது. சிலர் தென்னங்குச்சியை விட்டுக் குடைவார்கள். மழை முடிந்ததும் வாய் அகன்ற டப்பாவுக்கு மாற்றிவிடுவது நல்லது. விரலால் வழித்து உள்ளங்கையில் வைத்தால் நொடியில் உருகிவிடும். சொல்லப்போனால் குளித்த பின் பூச இந்தக் கட்டி வடிவமே வசதி, வழியாது, அளவும் மீறாது. முகத்துக்கு மட்டும் யோசியுங்கள். பரு வரும் தோலாக இருந்தால் துளைகளை அடைத்து இன்னும் கிளப்பிவிடும்.

நல்லெண்ணெய் நம் ஊர்க் குளிரில் உறையாது. ஓலிக், லினோலிக் என்ற இரண்டு கொழுப்பு அமிலங்களும் ஏறக்குறைய சரிசமமாக உள்ள எண்ணெய் இது. மெதுவாகத்தான் உள்ளே இறங்கும் என்பதால் அழுத்தித் தேய்க்க நேரம் கிடைக்கும். எண்ணெய்க் குளியலுக்கு இதைத் தேர்ந்தெடுத்தவர்கள் காரணமில்லாமல் செய்யவில்லை. ஆனால் குளித்துவிட்டு இதைப் பூசிக்கொண்டு வெள்ளைச் சட்டை போட்டால் காலரும் கைமடிப்பும் மஞ்சளடிக்கும். இரண்டு நாள் துவைக்காத பனியனில் சிக்கு வாடை வேறு. எள் ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. முதலில் முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்ப்பது நல்லது. கடையில் அதே அலமாரியில் நிற்கும் தீப எண்ணெயை விலை குறைவு என்று உடம்புக்கு எடுத்துவிடாதீர்கள். அது விளக்குக்கான கலப்பு எண்ணெய்.

என்னைக் கேட்டால் தினசரிக்குத் தேங்காய் எண்ணெய், சனிக்கிழமைக்கு நல்லெண்ணெய். மரச்செக்கா, பாக்கெட்டா என்ற விவாதம் சமையலுக்கு இருக்கட்டும். தோலின் மேல் ஈரத்தை அடைத்து நிற்பதற்கு அந்த விலை வித்தியாசம் தேவையில்லை.

ஆலிவ், சூரியகாந்தி

இதில் விலை உயர்ந்தது தோற்கிறது. 2013-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பெரியவர்களின் தோலில் இரண்டையும் சில வாரங்கள் தடவிச் சோதித்தார்கள். ஆலிவ் எண்ணெய் மேலடுக்கின் உறுதியைக் குறைத்து லேசான சிவப்பையும் உண்டாக்கியது. சூரியகாந்தி எண்ணெய் உறுதியைக் கெடுக்காமல் ஈரத்தையும் கூட்டியது. ஆலிவில் ஓலிக் அமிலம் மிக அதிகம். அது மேலடுக்கின் கொழுப்பு வரிசையைக் கலைக்கிறது. சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் மிகுந்திருப்பது லினோலிக் அமிலம், தோல் தன் செராமைடைத் தயாரிக்கப் பயன்படுத்தும் சரக்கு. வடை சுடும் பாக்கெட்டிலிருந்து காலில் தடவுவது கௌரவக் குறைச்சல் என்று தோன்றலாம். ஏற்கனவே சுட்டு மிஞ்சிய எண்ணெயாக இல்லாதவரை தவறில்லை. சித்தி கொடுத்த பாட்டிலைச் சாலட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

வட இந்தியர்கள் தேய்க்கும் கடுகெண்ணெய் சூடு கிளப்புவது உண்மை. அந்தக் காரம் வறண்ட, வெடித்த தோலுக்கு எரிச்சலைத்தான் தரும். வேண்டாம்.

கற்றாழை, கிளிசரின்

கற்றாழைச் சோற்றில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். தடவிய உடனே குளுகுளுவென்று இருக்கும். அது காய்ந்ததும் தோல் இழுத்துப் பிடிக்கும். வெயிலில் கன்றிய தோலுக்குச் சரி, பனிக்கு அது மட்டும் போதாது. மேலே எண்ணெய் பூசினால்தான் பயன். மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுக்க வடியவிட்டு, கழுவிவிட்டுச் சோற்றை எடுங்கள். அந்தப் பால் பட்டால் அரிக்கும்.

கிளிசரின் இதைவிடக் கெட்டி. எண்ணெயிலிருந்து சோப்பு காய்ச்சும்போது பிரிவதுதான் அது. மருந்துக்கடையில் சின்ன பாட்டிலில் கிடைக்கும். நீரை இழுத்துப் பிடித்து வைக்கும் குணம் உள்ளது. அப்படியே பூசினால் பிசுபிசுக்கும். காற்றில் ஈரம் இல்லாத ஊரில் தோலின் உள்ளிருந்தே நீரை இழுத்துவிடவும் கூடும். ஒரு பங்குக்கு இரண்டு மூன்று பங்கு பன்னீரோ தண்ணீரோ கலந்து ஈரத்தோலில் தடவி, அதன்மேல் எண்ணெய். இரவு படுக்கும் முன் கையிலும் முழங்கையிலும் இதைச் செய்தால் வித்தியாசம் சீக்கிரம் தெரியும். கற்றாழைக்குக் கிடைக்கும் புகழில் பாதியாவது இதற்குக் கிடைத்திருக்க வேண்டும்.

உதட்டுக்கு வெண்ணெய், நெய் எல்லாம் சரிதான், நக்காமல் இருந்தால். பித்தவெடிப்புக்கு ஆமணக்கிலிருந்து எடுக்கும் விளக்கெண்ணெயை விட நல்லது அடுக்களையில் இல்லை. இரவு கால் ஊறவைத்துத் துடைத்து, அப்பி, பருத்தி சாக்ஸ் மாட்டிக்கொண்டு படுத்துவிட வேண்டும். எண்ணெய்க் காலோடு டைல்ஸ் தரையில் நடக்கவிட்டால் வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள், அது வறட்சியை விடப் பெரிய வம்பு.

இயற்கை வழி என்று பேசும்போது வாஸ்லினை யாரும் சேர்ப்பதில்லை. 1872-ல் காப்புரிமை பெற்ற பெட்ரோலிய ஜெல்லி அது, எண்ணெய்க் கிணற்றின் சரக்கு. ஆனால் நீர் ஆவியாவதை 98 சதவீதம் வரை தடுக்கக்கூடியது என்று தோல் மருத்துவ நூல்கள் சொல்கின்றன. தாவர எண்ணெய்கள் எதுவும் அதன் பக்கத்தில் வராது. பிளந்த குதிகாலுக்கு முன்னால் கொள்கை பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

சோப்பு, பயத்தமாவு

அமிலமா காரமா என்று காட்டும் pH அளவில் சோப்பு 9, 10 வரை போகும், அது காரம். தோலுக்குத் தேவை 5-ஐ ஒட்டிய லேசான அமிலம். அதனால் பயத்தமாவு நல்ல மாற்று. ஆனால் மிஷினில் கொரகொரப்பாக அரைத்ததை உரசினால் வறண்ட தோல் இன்னும் கிழியும். மெல்லிய துணியில் சலித்து, தயிரில் குழைத்துப் பூசுங்கள். அதுவும் தினம் வேண்டாம். அக்குள், தொடையிடுக்கு, பாதம் தவிர மற்ற இடத்துக்குப் பனிக்காலத்தில் வெறும் தண்ணீரே போதும். எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா இரண்டையும் யார் சொன்னாலும் காய்ந்த தோலில் போடாதீர்கள்.

இத்தனையும் இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் அரிப்பு தூக்கத்தைக் கெடுத்தால், தோல் சிவந்து நீர் கோத்தால், அது வெறும் வறட்சி இல்லை, எக்ஸிமா எனும் கரப்பானாக இருக்கலாம். தோல் மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை உள்ளவர்கள் குதிகாலில் வெடிப்பு ஆழமாகி ரத்தம் கசிந்தால் இரண்டு வாரம் கூடக் காத்திருக்கக் கூடாது.