பழைய டைனரா, பழைய மாதிரி டைனரா?

டைனர் என்றால் கவுன்ட்டரில் உட்கார்ந்து சாப்பிடும் எளிய அமெரிக்க உணவகம். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், பாட்டக்கெட் ஊரில் உள்ள மாடர்ன் டைனர், பெயருக்கு நேர்மாறாக, நிஜமான பழசு. 1940களின் தொடக்கத்தில் தொழிற்சாலையில் செய்யப்பட்ட ஸ்டெர்லிங் ஸ்ட்ரீம்லைனர் என்ற டைனர் மாடல் அது. முகப்பு ரயில் எஞ்சின்போல வளைந்து பாயும். 1978இல் அமெரிக்க வரலாற்றுச் சின்னங்களின் தேசியப் பட்டியலில் ஏறிய முதல் டைனரும் இதுதான். பக்கத்து நகரமான பிராவிடன்ஸில்தான் 1872இல் வால்டர் ஸ்காட் குதிரை வண்டியில் இரவுச் சாப்பாடு விற்கத் தொடங்கினார். டைனரின் வம்சம் அங்கே ஆரம்பிக்கிறது.

பழைய மாதிரி டைனருக்கு உதாரணம் ஜானி ராக்கெட்ஸ் என்ற உணவகச் சங்கிலி. அது பிறந்தது 1986இல், லாஸ் ஏஞ்சலிஸின் மெல்ரோஸ் அவென்யூவில். பளபளக்கும் குரோம், சிவப்பு இருக்கைகள், மேசைமேல் காசு போட்டால் பாட்டுப் பாடும் குட்டி ஜூக்பாக்ஸ், தட்டில் கெச்சப்பால் வரைந்த சிரித்த முகம், நடுவில் ஊழியர்களின் நடனம். எல்லாம் கொஞ்சம் சினிமா செட்தான். ஆனால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்.

சரி, எங்கே போகலாம்? மில்க் ஷேக்கும் ஆட்டமும் போதுமென்றால் ராக்கெட்ஸ். எனக்கு மாடர்ன்தான். பழங்கால வேஷம் போட வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. கவுன்ட்டரில் உட்கார்ந்தால் கஸ்டர்டு பிரெஞ்சு டோஸ்ட் வேறு கிடைக்கும்.