சீழ் கல்ச்சருக்குப் பாளையில் ஒரு நல்ல லேப்

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பக்கம் இருக்கும் இந்த லேப்பை நான் சிபாரிசு செய்வது சீழ் கல்ச்சருக்காகத்தான், அதாவது சீழிலுள்ள கிருமியை வளர்த்து எதுவென்று பார்க்கும் பரிசோதனை. சர்க்கரை, கொலஸ்ட்ரால் எல்லா இடத்திலும் பார்க்கிறார்கள்.

மகனுக்குக் காலில் கட்டி. வேறொரு கிளினிக்கில் கல்ச்சர் எடுக்காமலே கொடுத்த செஃபலோஸ்போரின் என்ற ஆன்டிபயாடிக் கேட்கவில்லை. கவட்டையில் நெறி கட்டி, காய்ச்சலும் வந்துவிட்டது. இங்கே லேப் டாக்டரம்மா கேட்டது, "அண்ணாச்சி, பிள்ளைக்கு முன்னாடி எங்கெல்லாம் சீழ் வச்சிருக்கு? வயக்காட்டுத் தண்ணியில இறங்குவானா?" மேலே வடிந்ததைத் துடைத்தெடுக்காமல், தோலைச் சுத்தம் செய்து, ஊசியால் உள்ளேயிருந்து சீழை உறிஞ்சினார்.

மறுநாளே போன் செய்து வரச்சொல்லி, கிருமி வளர்ந்த தட்டைக் காட்டினார். கோடு கோடாகப் பளபளவென்று கத்தரிப்பூ நிறம்! குரோமோபாக்டீரியம் வயலேசியம் என்ற பாக்டீரியா. வெப்ப நாடுகளின் மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் சாதாரணமாகவே இருப்பது, மனிதருக்கு அபூர்வமாகத்தான் தொற்றும். ரத்தத்தில் ஏறினால் உயிருக்கே ஆபத்து. பென்சிலின், செஃபலோஸ்போரின் வகைகள் பெரும்பாலும் இதற்குக் கேட்காது. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற வேறொரு ஆன்டிபயாடிக் கேட்கும் என்று ரிப்போர்ட் வந்ததும் எங்கள் டாக்டர் மருந்தை மாற்றினார்.

ரிப்போர்ட்டின் அடியில் லேப் டாக்டரம்மா ஒரு வரி எழுதியிருந்தார்: வெள்ளணுக்களின் செயல்பாட்டைப் பார்க்கவும். அந்த ஒரு வரிக்காகவே இதை எழுதுகிறேன். பிறவியிலேயே வரும் சி.ஜி.டி. (க்ரானிக் கிரானுலோமட்டஸ் டிசீஸ்) என்ற குறைபாட்டில் வெள்ளணு கிருமியை விழுங்கும், கொல்லத் தேவையான ரசாயனத்தைச் சுரக்காது. பெரும்பாலும் தாய்வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வருவது. என் மனைவியின் தம்பி சிறு வயதில் இப்படிச் சீழ்க்கட்டிகளோடு தவறிப்போனதை அன்றுதான் ஒரு டாக்டர் காது கொடுத்துக் கேட்டார்.

வெள்ளணு அந்த ரசாயனத்தைச் சுரக்கிறதா என்று பார்க்கும் டி.ஹெச்.ஆர். ரத்த டெஸ்ட் இங்கே கிடையாது, சென்னைக்கு அனுப்புகிறார்கள். பச்சை மூடி ஹெபரின் குழாயில் எடுத்த ரத்தத்தை ஃப்ரிட்ஜில் வைக்கக்கூடாது, முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். ஒப்பிட நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டுமாம். லேப்பில் வேலை பார்க்கும் தம்பியே கையை நீட்டிவிட்டான். சி.ஜி.டி. என்று உறுதியானது. இப்போது பாக்டீரியா தொற்றாமலிருக்கக் கோட்ரைமாக்சசோலும், பூஞ்சை தொற்றாமலிருக்க இட்ராகொனசோலும் தினமும் கொடுக்கிறோம். பூஞ்சைக்குப் பயந்து எருக்குழிப் பக்கமே அவனை விடுவதில்லை.

குறை என்றால் மாடிப்படி. காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறுவது சிரமம், உட்கார நாற்காலியும் போதாது. சென்னை டெஸ்ட்டுக்குச் செலவு கூடுதல், ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

ஆறாத புண்ணென்றால் ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே போய்விடுங்கள். தொடங்கியாயிற்றா, சரி, மருந்துச் சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். டி.ஹெச்.ஆருக்குச் சனிக்கிழமை போகாதீர்கள், அன்றைக்கு ரத்தம் அனுப்புவதில்லை.