இனத் தோற்றமா, நடத்தையா: பாதுகாப்புச் சோதனைக்கு எது தகும்?

விமான நிலையத்தில் அனைவரையும் விரிவாகச் சோதிக்க நேரமும் ஆளும் போதாதபோது, யாரைத் தனியே நிறுத்துவது என்பதற்கு இரண்டு வழிகள் முன்வைக்கப்படுகின்றன.

எளிமை
இனத் தோற்றம்: பார்த்த மாத்திரத்தில் முடிவெடுக்கலாம், பயிற்சி அதிகம் வேண்டாம்.
நடத்தையும் பயண விவரமும்: தேர்ந்த அலுவலர்களும் பொறுமையான விசாரணையும் தேவை.

பயன்
இனத் தோற்றம்: 1986இல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இஸ்ரேலின் எல் அல் நிறுவன விமானத்தில் ஏறவிருந்த கருவுற்ற அயர்லாந்துப் பெண்ணின் பையில், அவர் அறியாமலேயே காதலன் வைத்திருந்த வெடிகுண்டு சிக்கியது; தோற்றத்தை மட்டும் நம்பியிருந்தால் அவரை யாரும் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.
நடத்தை: அவரைக் கேள்வி கேட்டதும் பையை ஆராய்ந்ததுமே விமானத்தைக் காத்தன. அமெரிக்கச் சுங்கத்துறையும் 1990களின் இறுதியில் இனத்தை விட்டுக் குறிப்பான சந்தேகக் காரணங்களுக்கு மாறியபோது, சோதனைகள் வெகுவாகக் குறைந்தன. கடத்தல் பொருள் சிக்கும் விகிதமோ இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. ஆயினும் முகக்குறிப்பையும் பதற்றத்தையும் மட்டும் கவனிக்கும் முறைக்குப் போதிய சான்றில்லை என்று 2013இல் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பே கூறியது. ஆகவே விசாரணையும் தகவலும் இல்லாத நடத்தைக் கணிப்பை நான் நம்பவில்லை.

அறம்
இனத் தோற்றம்: குற்றமற்ற பெரும்பான்மையினர் பிறப்புக்காகவே மீண்டும் மீண்டும் அவமதிக்கப்படுகிறார்கள், தகவல் தர வேண்டிய சமூகமே காவலரிடமிருந்து விலகுகிறது. இது எனக்கு ஏற்கத்தக்கதாகத் தெரியவில்லை.
நடத்தை: காரணத்தைக் கேட்கவும் மறுக்கவும் இடமுண்டு, அலுவலரின் முன்முடிவு அதனுள் நுழையாத வரை.

குறிப்பிட்ட ஒருவரைத் தேடும்போது, சாட்சி சொன்ன அடையாளங்களுள் ஒன்றாக இனமும் இடம்பெறலாம். பொதுவான பயணிகள் கூட்டத்துக்கு விசாரணையும், முன்கூட்டி ஊகிக்க முடியாத குலுக்கல்முறைத் தேர்வும் சேர்ந்ததே பொருந்தும்.