சிறுநீர்ப்பைச் சுவர் தடித்த குழந்தைக்கு ஸ்கோப்பா, ஸ்கேனா?

பெண் குழந்தைக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன் விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'சிறுநீர்ப்பைச் சுவர் தடித்திருக்கிறது' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் எட்டு வயது மகளுக்கு அப்படித்தான் வந்தது. சென்னையிலேயே இரண்டு டாக்டர்களிடம் காட்டினோம். மயக்கம் கொடுத்து சிஸ்டோஸ்கோப்பி செய்து, அதாவது சிறுநீர்த் துளை வழியாகக் கேமராக் குழாய் விட்டு, உள்ளே பார்த்துவிடலாம் என்றார் ஒருவர். ஸ்கேனிலேயே தொடர்ந்து கவனித்துக்கொண்டு மருந்தையும் பழக்கத்தையும் சரிசெய்வோம் என்றார் மற்றவர். நாங்கள் ஸ்கேன் பக்கம் போனோம். ஆகவே இந்த அலசல் தராசு முள் மாதிரி நடுவில் நிற்காது, முன்பே சொல்லிவிடுகிறேன்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கிருமி அடிக்கடி வந்து புண்ணாக்கினால் பையின் உள்சவ்வு மாற ஆரம்பிக்கிறது. மேல்தோல் செல்கள் கொத்தாகக் கீழே இறங்கி, நடுவில் நீர் கோத்து, குட்டிக் குட்டிப் புடைப்புகளாகின்றன. இதற்கு சிஸ்டைட்டிஸ் சிஸ்டிகா என்று பெயர். நிணநீர்ச் செல்கள் முடிச்சு முடிச்சாகத் திரண்டால் அது ஃபாலிகுலர் வகை. குழந்தைகளில் இவை பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்குத்தான் வருகின்றன. புற்றுநோய் அல்ல. ஆனால் அந்த மேடுபள்ளத்தில் தொற்று மறுபடி பிடித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

ஸ்கோப்பின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கண்ணால் பார்க்கலாம், தேவைப்பட்டால் துளி சதை எடுத்துப் பரிசோதிக்கலாம். குழந்தை என்பதால் முழு மயக்கம், வெறும் வயிறு, அட்மிஷன் எல்லாம் உண்டு. தொற்று இல்லாத நேரமாகவும் பார்க்க வேண்டும். முடிந்தபின் ஓரிரு நாள் எரிச்சல் இருக்கும். செலவிலும் ஸ்கேன் பக்கத்தில்கூட வராது.

என்னைப் பொறுத்தவரை இதில் எதுவும் முடிவைத் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது ஒன்றே ஒன்று: திரும்பப் பார்க்க முடியுமா என்பது. சவ்வில் வந்த இந்த மாற்றம் ஒரு கோர்ஸ் ஆன்டிபயாட்டிக்கில் மறைவதில்லை. தொற்று அடங்கிய பிறகும் சுவரின் தடிமன் இறங்க மாதக்கணக்காகும், சிலருக்கு வருடமும் தாண்டும். ஸ்கோப் இன்றைக்கு இருப்பதைத் துல்லியமாகச் சொல்லும். மூன்று மாதம் கழித்துக் குறைந்திருக்கிறதா என்று பார்க்க மறுபடியும் மயக்கம் கொடுப்போமா? மாட்டோம். அப்போது ஸ்கேனுக்குத்தான் வந்து நிற்போம். எப்படியும் ஸ்கேனில்தான் ஒப்பிடப் போகிறோம் என்றால், முதல் அளவையும் அதிலேயே ஒழுங்காக எடுத்து வைப்பதுதானே சரி?

'ஒழுங்காக' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பை நிறைந்திருக்கும்போது சுவர் 3 மில்லிமீட்டருக்குள்ளும், காலியாக இருக்கும்போது 5 மில்லிமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். அரைகுறையாக நிறைந்த பையில் 4 என்று வந்தால் அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் குழந்தையின் பை எத்தனை மில்லி கொள்ளும் என்று ஏறக்குறையத் தெரியும். எட்டு வயதுக்கு 270. எங்கள் ஸ்கேன் சென்டர் அக்கா ஒவ்வொரு தடவையும் புரோபை வைத்து அளவு பார்த்துவிட்டு, "இன்னும் ரொம்பலடா கண்ணு, இன்னொரு பாட்டில் குடிச்சிட்டு அந்த வராண்டாவுல நட" என்று திருப்பி அனுப்பிவிடுவார். மகளுக்கு அழுகையே வந்துவிடும். ஆனால் அந்தக் கறார்தான் ரிப்போர்ட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி ஆக்கியது. அதே சென்டர், முடிந்தால் அதே ஆள். யூரின் போய்வந்த பிறகு பையில் மீதம் எவ்வளவு நிற்கிறது என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். இந்த வயதில் அது 20 மில்லிக்கு மேல் நின்றால் பை சரியாகக் காலியாகவில்லை.

சிகிச்சையில் இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தொற்று மறுபடி வராமல் தடுக்க, ராத்திரி சாப்பாட்டோடு குறைந்த அளவு நைட்ரோஃபுரான்டாயின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தோம். வயிற்றைப் புரட்டும், யூரின் மஞ்சள் பழுப்பாகப் போகும். ஜி6பிடி என்ற ரத்தச் சிவப்பணு என்சைம் குறைபாடு இருந்தால் கொடுக்கக் கூடாது என்பதால் அதற்கான ரத்தப் பரிசோதனை முதலிலேயே நடந்தது. இப்படித் தொற்றைத் தடுக்கக் கொடுக்கும் மருந்து பற்றி 2014-ல் வெளியான ரிவர் ஆய்வில், சிறுநீர் மேல்நோக்கித் திரும்பும் கோளாறு உள்ள 607 குழந்தைகளைப் பார்த்தார்கள். வேறு மருந்துதான், ஆனாலும் தொற்று ஏறக்குறையப் பாதியானது. சிறுநீரகத் தழும்பில் வித்தியாசம் இல்லை. மீறி வந்த தொற்றுகளில் மருந்துக்கு அடங்காத கிருமி கூடியிருந்தது. அவர்கள் பிரச்சினை வேறு, எங்களுடையது வேறு. இருந்தாலும் மருந்தை மட்டும் நம்பக் கூடாது என்று அதிலிருந்து எடுத்துக்கொண்டோம்.

உண்மையான வேலை கழிவறையில்தான். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை போக வேண்டும், கால் தரையில் பதிய உட்கார வேண்டும், அவசரப்படாமல் முழுக்கப் போக வேண்டும். மலச்சிக்கல் இருந்தால் அது பையை அழுத்தி முழுக்கக் காலியாக விடாது, அதற்கும் பவுடர் கொடுத்தார்கள். பாட்டி 'உடம்பு சூடு' என்று பார்லித் தண்ணீர் காய்ச்சினார். தொற்றை அது தீர்க்காது, தண்ணீராவது உள்ளே போகிறதே என்று விட்டுவிட்டேன். பள்ளியில் டாய்லெட் நாறுகிறது என்று காலையிலிருந்து மூன்று மணி வரை அடக்கிவைத்திருந்த பிள்ளை அவள். பாட்டில் நிறைந்தபடியே வீடு திரும்பும். கிளாஸ் மிஸ்ஸிடம் டாக்டர் லெட்டரைக் கொடுத்து, ஸ்டாஃப் டாய்லெட்டுக்கு அனுமதி வாங்கிய பிறகுதான் மாற்றம் தெரிந்தது.

ஸ்கோப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஸ்கேனில் பைக்குள் கட்டி மாதிரி தெரிந்தால், ரத்தம் கண்ணுக்குத் தெரியும்படி போனால், சில மாத சிகிச்சைக்குப் பிறகும் சுவர் இறங்காவிட்டால், உள்ளே பார்த்தே ஆக வேண்டும். வீக்கம் சில சமயம் ராப்டோமயோசார்கோமா என்ற புற்றுநோயைப் போலவே தோன்றும். ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் சேர்வதால் வரும் அழற்சியும் கட்டி போல் காட்டும். சதை எடுத்துப் பார்க்காமல் இவற்றைப் பிரிக்க முடியாது. ஆண் குழந்தை என்றால் சிறுநீர் வழியில் அடைப்பு இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. அந்தப் பக்கத்தில் எனக்கு அனுபவமில்லை, குழந்தைகளுக்கான யூராலஜிஸ்ட் சொல்வதே சரி.

எங்கள் ரிப்போர்ட்டில் சுவர் இறங்கிக்கொண்டு வருகிறது, இன்னும் 3-ஐத் தொடவில்லை. அடுத்த ஸ்கேனை மே லீவில் வைக்கலாம் என்றார்கள். ஜூலைக்குத் தள்ளச் சொல்லிவிட்டேன். லீவில் வீட்டு பாத்ரூம், நினைத்தபோது போவாள். பள்ளி திறந்து ஒரு மாதம் ஓடிய பிறகு வரும் அளவுதான் எனக்கு வேண்டும்.