முறுக்கில் குறையில்லை, பின்கட்டில்தான் குறை

தீபாவளிப் பலகாரம் வாங்குவதற்காக டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள ஒரு கடைக்குச் சென்றிருந்தேன். முறுக்கு ஓமம் மணக்க, காறல் சிறிதுமின்றிப் பக்குவமாக வெந்திருந்தது. விலையும் நியாயமானதே.

ஆனால் திறந்திருந்த பின்கதவு வழியே கண்ட காட்சி மனத்தை மிகவும் வருத்தியது. மாவு பிசைந்துகொண்டிருந்தவர் வாசற்படியில் நின்று சிகரெட் புகைத்து முடித்ததும், கையைக் கழுவாமல் இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு, மறுபடியும் அதே மாவில் கை வைத்தார். அருகிலேயே இஞ்சிப் பானம் ஊறிய வாளி மூடியின்றி இருந்தது. புகைக்கும்போது விரல் உதட்டைத் தொடுவதால், எச்சிலில் உள்ள கிருமிகள் உணவுக்குச் சென்றுவிடுகின்றன. மாவாவது கொதிக்கும் எண்ணெயில் வேகும், அப்படியே பருகும் பானத்துக்கு அந்தக் காப்பும் இல்லை.

உணவைக் கையாளும்போது புகைப்பதைத் தென்னாப்பிரிக்காவின் 2018ஆம் ஆண்டு உணவகச் சுகாதார விதிகள் தடைசெய்கின்றன. அவ்விதிகள் கோரும் தகுதிச் சான்றிதழ் கல்லாவுக்கு மேலே மாட்டப்பட்டிருந்தது. பின்கட்டுக் கைகழுவும் தொட்டியிலோ சோப்பு இல்லை.

உரிமையாளரான அம்மையாரிடம் கண்டதைச் சொன்னேன், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தொட்டியருகே சோப்பும், புகைப்பவர்களுக்குச் சமையற்கட்டைவிட்டு விலகிய இடமும் அமையும் வரை அங்கே வாங்குவதாக இல்லை.