ஜிசிசி 14 கம்பைலர்: பழைய நிரல்களைக் கட்டுவோருக்கான மதிப்புரை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உள்ள ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில், மின்னணுத் தராசிலிருந்து சீரியல் போர்ட் வழியாக எடையை வாங்கிச் சீட்டு அச்சிடும் சி மொழி நிரல் ஒன்று, பழைய 32-பிட் கணினியில் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அதை டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளம் நிறுவிய புதிய கணினிக்கு மாற்றும் வேலை எங்களிடம் வந்ததால், அதனுடன் வரும் ஜிசிசி 14 (எழுதிய நிரலைக் கணினியில் ஓடும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர்; அப்படி மாற்றுவதையே கட்டுதல் என்கிறோம்) பழைய நிரலிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

முதல் தடை, எச்சரிக்கைகள் அனைத்தையும் பிழைகளாகக் கருதச் சொல்லும் வெர்ரர் (-Werror) தேர்வு. மூல ஆசிரியர் அதை, நிரலைக் கட்டும் முறையைச் சொல்லும் மேக்ஃபைல் கோப்பிலேயே எழுதி வைத்திருந்தார். அன்றைய கம்பைலரில் ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல் கடந்த நிரல், ஓர் எழுத்தும் மாறாத நிலையில் இன்று நின்றுபோகிறது. ஏனெனில் பொதுவான எச்சரிக்கைகளை மொத்தமாக இயக்கும் 'வால்' (-Wall) தேர்வுக்குள் அடங்கும் எச்சரிக்கைகளின் பட்டியல் பதிப்புக்குப் பதிப்பு நீள்கிறது. தவறான உள்தள்ளலை (வரித் தொடக்க இடைவெளியை) சுட்டும் எச்சரிக்கை ஜிசிசி 6இலும், எழுத்துச்சரம் ஒதுக்கிய இடத்தை மீறக்கூடும் என்பதைச் சுட்டும் எச்சரிக்கை ஜிசிசி 7இலும் அதில் சேர்ந்தன. இதற்காகக் கம்பைலரைக் குறை சொல்வது நியாயமில்லை. எழுதுபவர் தம் மேசையில் வெர்ரரை வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்; எதிர்காலத்தில் யார் எந்தக் கம்பைலரில் கட்டுவார் என்று தெரியாத வெளியீட்டில் அதைப் பூட்டி அனுப்புவது அப்படியல்ல. லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி, 2.21 பதிப்பு முதல் வெர்ரரை இயல்பாக வைத்திருந்தாலும், அதை நீக்கும் வசதியையும் சேர்த்தே தருகிறது. 2021இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 5.15 பதிப்புக்கான பணியின்போது, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எல்லாக் கட்டுமானங்களுக்கும் அதை இயல்பாக்கி, சில நாட்களிலேயே சோதனைக் கட்டுமானங்களோடு நிறுத்திக்கொண்டார்.

ஜிசிசியில் நான் பெரிதும் மதிப்பது, குறிப்பிட்ட ஓர் எச்சரிக்கைக்கு மட்டும் விலக்கு அளிக்க முடிவதுதான். பெரும்பாலான எச்சரிக்கைகளின் முடிவில் அதற்குரிய தேர்வின் பெயர் அச்சாவதால், எதற்கு விலக்கு அளிப்பது என்று தேட வேண்டியதில்லை. உள்தள்ளல் எச்சரிக்கையை நாங்கள் அவ்வாறே எச்சரிக்கையாக இறக்கிவிட்டோம். ஆனால் கிராம், மில்லிகிராம் இரண்டையும் சேர்த்து எட்டு பைட் இடத்தில் எழுதும் வரியைக் கம்பைலர் சுட்டியபோது அதை ஒதுக்க மனம் வரவில்லை: நான்கு இலக்க கிராம், புள்ளி, மூன்று இலக்க மில்லிகிராம், முடிவுக் குறி என்று கூட்டினால் ஒன்பது பைட் ஆகிறது. பட்டறையில் ஒரு கிலோவைத் தாண்டிய எடை ஒரே தட்டில் ஏறாதவரை தப்பித்திருக்கிறார்கள்.

வெர்ரரை நீக்கினாலும் போகாத பிழைகள் ஜிசிசி 14க்கே உரியவை. முன்னறிவிப்பு இல்லாத செயற்கூற்றை (function) அழைப்பதும், முழு எண்ணைப் பாயிண்டராக (நினைவக முகவரியாக) மாற்றுவதும் முன்பு வெறும் எச்சரிக்கைகளாக இருந்தன. 2024இல் வந்த இப்பதிப்பில் அவை இயல்பாகவே பிழைகள். எங்கள் நிரலில் வேறொரு கோப்பில் உள்ள செயற்கூறு பாயிண்டரைத் திருப்பித் தந்தது; அறிவிப்பு இல்லாததால் அது முழு எண் என்றே கொள்ளப்பட்டது. இரண்டுக்கும் நான்கு பைட் என்ற 32-பிட் கணினியில் இது தெரியவில்லை. 64-பிட்டில் முகவரியின் மேற்பாதி தொலைந்துவிடும். 'எஃப்-பெர்மிசிவ்' (-fpermissive) தேர்வு இவற்றை மீண்டும் எச்சரிக்கைகளாக்கும் என்றாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அறிவிப்புகளைத் தாங்கும் ஹெடர் கோப்பில் ஒரு வரி சேர்ப்பதற்குச் சோம்பியவருக்குத்தான் அது.

ஹெடரில் எக்ஸ்டர்ன் (extern) என்ற சொல் இல்லாமல் அறிவித்த பொது மாறிகள் பற்றிய புகார், கட்டிய கோப்புகளை இணைக்கும் லிங்கரிடமிருந்து வருவது. ஜிசிசி 10இல் தொடங்கிய மாற்றம் அது, வெர்ரருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கட்டுவோர் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. மேக்ஃபைலை இயக்கும் மேக் கட்டளையிலேயே, கம்பைலர் தேர்வுகளைத் தாங்கும் சிஃபிளாக்ஸ் (CFLAGS) மாறிக்குப் புதிய மதிப்பைக் கொடுத்தால் வெர்ரர் மறையும். ஆசிரியர் அதே வரியில் வைத்திருந்த ஹெடர் பாதைகளும் மேக்ரோக்களும் கூடவே மறைந்து, தொடர்பற்ற பிழைகள் கொட்டும் என்பதால், மேக்ஃபைலைத் திறந்து அந்த ஒரு சொல்லை மட்டும் நீக்குவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.